அப்பா பார்த்த இங்கிலீஷ் தொடர்

என் தங்கை இறந்த பிறகு அப்பாவை ஊரில் தனியாக விட எனக்கு மனசு வரவில்லை. ஊத்தங்கரையிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். கொஞ்சம் மானாவாரி நிலம், சின்னதாக ஒரு மாந்தோப்பு, ஒரு மாடு. அம்மா போய் வெகுகாலம் ஆகிவிட்டது. போன் செய்து சாப்பிட்டீர்களா என்று கேட்டால் "ம்" என்பார். அதற்குமேல் ஒன்றும் வராது. ஒருநாள் பக்கத்துத் தோட்டத்துக்காரர் என்னைக் கூப்பிட்டு, "உங்கப்பா விடிஞ்சதிலேருந்து மாட்டக்கூட அவுக்காம உக்காந்திருக்கறாரும்மா. வந்து பாத்துட்டுப் போ" என்றார். மாட்டை அவரிடமே விட்டுவிட்டு அப்பாவை ஓசூருக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

மூக்கண்டப்பள்ளியில் நாங்கள் குடியிருப்பது மாடியில். கீழே வீட்டுக்காரர், போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோருக்கும் அவர் ஏட்டய்யா. வீட்டுக்குள் தெலுங்கு, வெளியே வந்தால் தமிழ், பால்காரனிடம் கன்னடம். மாடியிலேயே எங்களுக்கு அடுத்த போர்ஷனில் ஒரு முஸ்லிம் குடும்பம். அந்த வீட்டு அக்காவின் கணவர் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறார். அக்கா வீட்டிலேயே நைட்டி, சுடிதார் துணி விற்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் மார்க்கெட் தெருவில் கட்டிலைப் போட்டுக் கடை விரிப்பார். எனக்கு ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் வேலை. கணவருக்கு வேறு கம்பெனி. எங்கள் இரண்டு பேருக்கும் ஷிப்ட் மாறி மாறி வரும். அதனால் அப்பா பகல் பூராவும் சாத்திய வீட்டில் டிவியோடு இருந்தார்.

தங்கை வேலை பார்த்தது சூளகிரிப் பக்கம் ஒரு கம்பெனியில், மின்சாரச் சாமான்களின் பாகங்களைப் பூட்டும் லைனில். பயிற்சி முடிகிறவரை கம்பெனி ஹாஸ்டலில்தான் இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. வெளியே போக ஞாயிற்றுக்கிழமை மட்டும் அனுமதி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என் வீட்டுக்கு வருவாள், தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு, தூங்கிவிட்டுப் போவாள். ஒருநாள் காலையில் ஹாஸ்டலிலிருந்து போன் வந்தது. குளியலறையில் மயங்கி விழுந்துவிட்டாள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம் என்றார்கள். நானும் கணவரும் போய்ச் சேர்ந்தபோது அவளைப் பிணவறையில் வைத்திருந்தார்கள்.

போலீஸ் சந்தேக மரணம் என்று எழுதிக்கொண்டது. போஸ்ட்மார்ட்டம் நடந்தது. குடல்வால் வெடித்து, உள்ளே சீழ் பரவி இறந்திருக்கிறாள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். வழக்கு அதோடு முடிந்துவிட்டது.

அப்பா அதை நம்பவில்லை. "குடல்வாலாம். வரப்பு மேல ஓடற புள்ள. ஒரு தலவலின்னு படுத்தது கெடையாது. அங்க யாரோ என்னமோ பண்ணியிருக்கறாங்க" என்பார். நான் எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "சரி, பண்ணினது யாரு?" என்பார்.

அந்தத் தொடரை முதலில் போட்டது என் கணவர். ரீசார்ஜோடு சேர்ந்து வந்த ஏதோ ஒரு ஆப்பில் அது தமிழ் டப்பிங்கில் இருந்தது. இங்கிலாந்தில், கடலோரமாக ஒரு சேற்று நிலம். எப்போதும் மூட்டமான வானம். மீனைப் பெட்டியில் அடைக்கிற கம்பெனியில் வேலை செய்யும் ஒரு பெண் சேற்றில் செத்துக் கிடக்கிறாள். விசாரிக்க வருகிற இன்ஸ்பெக்டருக்கு ஒரு காது கேட்காது. காதில் கருவி மாட்டியிருப்பார். எதிரில் இருப்பவர் சொன்னதையே இன்னொருமுறை சொல்லச் சொல்வார்.

அப்பா அதைப் பார்க்க ஆரம்பித்தது கதைக்காக இல்லை. முதல் பாகத்திலேயே அந்தக் கம்பெனியின் உள்பக்கத்தைக் காட்டினார்கள். பெல்ட் ஓடுகிறது. இரண்டு பக்கமும் தலையில் வலைத்தொப்பி போட்ட பெண்கள் நின்றுகொண்டு குனிந்த தலை நிமிராமல் வேலை செய்கிறார்கள். சுவரோரமாக உட்கார்ந்திருந்த அப்பா டிவிக்குக் கிட்டே நகர்ந்து வந்தார்.

"சின்ன பாப்பாவும் இப்பிடித்தான் நின்னுச்சா?"

"ஆமாப்பா. கிட்டத்தட்ட இப்படித்தான்."

"உக்கார வுடமாட்டாங்களா?"

"சாப்பாட்டு நேரத்துலதான்."

அதுவரை அவருக்குக் கம்பெனி என்றால் காம்பவுண்டு சுவரும் கேட்டும்தான். மகள் உள்ளே என்ன செய்தாள் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தார். அதுவும் வேறொரு தேசத்தில், மீன் வேலையில்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் எங்கள் வீட்டில் கூட்டம் கூடியது. எங்களிடம் இருந்தது பெரிய டிவி. அக்கா கடையைக் கட்டிவிட்டு, விற்காத துணி மூட்டையோடு வந்து உட்காருவார். ஏட்டய்யா தனக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வருவார். ஒரு ஞாயிறுக்கு ஒரு பாகம் என்று பேச்சு. அதை மீறி நான் முன்கூட்டியே பார்க்கக் கூடாது என்று அக்கா என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

ஏட்டய்யாவுக்கு அந்தத் தொடரில் ஒன்றும் பிடிக்காது. ஆனால் ஒரு வாரமும் தவறியதில்லை. "ஒரே ஒரு கேசு, அதுக்கு ஒரு ஸ்டேஷனே வேல செய்யுது. எங்களுக்கு மந்திரி வந்தா பந்தோபஸ்து, தேரு இழுத்தா பந்தோபஸ்து. நடுவுலதான் கேசு. இந்தாளு கடலப் பாத்துக்கிட்டு நிக்கறான். அந்த நேரத்துல நான் ரெண்டு பஞ்சாயத்து முடிச்சிருப்பேன்" என்பார்.

அக்காவுக்கு வேறு குறை. "வந்ததிலேருந்து பாக்கறேன், ஒரு வீட்லயும் அடுப்பு எரியல. டீத்தண்ணிய வெச்சே உசுரோட இருக்கறாங்க. சாவு வீட்டுக்கு வந்தவனும் டீ குடிக்கறான், கொன்னவனும் டீ குடிக்கறான்." கொலைகாரன் யார் என்பதில் அக்காவுக்கு வாரத்துக்கு ஒரு முடிவு. முதல் வாரம் செத்தவளின் காதலன். இரண்டாவது வாரம் கம்பெனி முதலாளி, அவன் சிரிப்பு சரியில்லை என்பதால்.

கணவர் போனை நோண்டிக்கொண்டே பார்ப்பார். நெட்டில் மற்றவர்கள் இந்தத் தொடரைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்துச் சொல்வார். "ரொம்ப ஸ்லோவாம். ரெண்டாவது பாகத்துலயே கொலகாரன் யாருன்னு கண்டுபுடிச்சிட்டேன்னு ஒருத்தன் எழுதியிருக்கான். அழுவாச்சி சீனெல்லாம் ஓட்டிட்டுப் பாருங்கன்னு சொல்றான்."

அப்பா திரும்பிப் பார்த்தார். "அதெல்லாம் எழுதறவன் வூட்ல சாவு வுழுந்திருக்காது" என்றார். கணவர் போனைக் கீழே வைத்துவிட்டார். அதற்குப் பிறகு யாருடைய கருத்தையும் அவர் எங்களுக்குப் படித்துக் காட்டவில்லை.

அப்பா அதிகம் பேசமாட்டார். பேசினால் இன்ஸ்பெக்டரைப் பற்றித்தான் இருக்கும். "அவரு செத்த புள்ளய பேரச் சொல்லித்தான் பேசறாரு, பாத்தியா? ஒருதரம்கூட பாடின்னு சொல்லல." எனக்குப் பிணவறை வாசல் ஞாபகம் வந்தது. பாடியை எப்போது எடுக்கிறீர்கள், பாடிக்கு வண்டி சொல்லியாச்சா, பாடிகூட யார் வந்திருக்கிறார்கள். அப்பா அந்த வாசலில் ஒவ்வொரு தடவையும் கை கூப்பி, "நான்தானுங்க, நான் அதோட அப்பாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்னொரு நாள், "சாவு சேதிய அந்தாளே நேரா வூட்டுக்குப் போயி சொல்றாரு. தொப்பியக் கழட்டிட்டு, அவங்க உக்கார்ற வரைக்கும் நின்னு சொல்றாரு" என்றார். அன்றைக்கு ஏட்டய்யா நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

அந்த இன்ஸ்பெக்டர் யாரைப் பார்த்தாலும் கேட்கிற கேள்வி ஒன்று இருந்தது: கடைசியாக அவளோடு பேசியது யார்? அப்பா அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார். ஒருநாள் நான் ஷிப்ட் முடிந்து வந்தபோது வீடு பூட்டியிருந்தது. சாவி ஏட்டய்யாவிடம் இருந்தது. அப்பா பஸ் பிடித்துச் சூளகிரிக்குப் போயிருந்தார். ஹாஸ்டல் கேட்டில் நின்று, உள்ளே போகிற பெண்களை மறித்து, "எம் புள்ளகூட கடைசியா பேசினது யாரும்மா?" என்று கேட்டிருக்கிறார். பெண்கள் பயந்து ஓடியிருக்கிறார்கள். செக்யூரிட்டி வந்து, பெரியவர் என்று பார்க்கிறேன், இல்லாவிட்டால் போலீசைக் கூப்பிடுவேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறான். அதற்குப் பிறகும் போனார். கேட்டுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்து கேட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வருவார்.

நான் அழுதுகொண்டே ஏட்டய்யாவிடம் சொன்னேன். அவர் சட்டையை மாற்றிக்கொண்டு அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். அங்கே இருந்த சின்ன வயது அதிகாரி அப்பாவை உட்காரவைத்து, போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டைத் தமிழில் படித்துக் காட்டியிருக்கிறார். உடம்பில் காயம் இல்லை, விஷம் இல்லை. திரும்பி வந்த பிறகு ஏட்டய்யா என்னிடம் தனியாகச் சொன்னார். "அது இயற்கை சாவுதாம்மா. நானும் படிச்சுப் பாத்துட்டேன். ஆனா ஒரு விஷயம். குடல்வாலு திடுக்குனு வெடிக்காது. நாலஞ்சு நாளு வலி இருந்திருக்கும். அந்த நாலஞ்சு நாளு என்னா ஆச்சுன்னு எந்தக் கேசுலயும் எழுதமாட்டாங்க. எழுதறதுக்குச் சட்டத்துல பிரிவு கெடையாது."

மூன்றாவதோ நான்காவதோ பாகத்தில் செத்த பெண்ணின் அப்பா மேல் சந்தேகம் திரும்பியது. இன்ஸ்பெக்டரிடம் அவன் எதையோ சொல்லாமல் விட்டிருந்தான். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எனக்கு மொதல்லேருந்தே இந்த அப்பன் மேல ஒரு இதுதான். பாருங்க, மொகத்தப் பாத்துப் பேசமாட்டேங்கறான். என்னமோ மறைக்கறான்."

"மறைக்கறான்னா கொன்னுட்டான்னு அர்த்தமா?" என்றார் அப்பா. குரல் உயர்ந்திருந்தது. அவர் அப்படி யாரிடமும் பேசி நான் பார்த்ததில்லை. எழுந்து வெளியே போய், மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "நான் அந்த டிவிக்காரனத்தானம்மா சொன்னேன்" என்றார் என்னிடம். மகளை இழந்தவர், அதனால் பொறுக்கவில்லை என்று நான் சமாதானம் சொன்னேன். அப்படித்தான் நினைத்தேன்.

அக்காதான் தங்கையோடு இருந்த ஒரு பெண்ணைக் கண்டுபிடித்தார். ஹாஸ்டல் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை கம்பெனி வேனில் வந்து மார்க்கெட் தெருவில் இறங்குவார்கள். பாதிப் பேர் ஜார்க்கண்ட், ஒடிசா. அக்கா துணி விற்று விற்று ஹிந்தி பேசக் கற்றுக்கொண்டவர். விலை பேசுகிறபோது ஒவ்வொருத்தியிடமும் விசாரித்திருக்கிறார். என் தங்கையோடு அதே அறையில் இருந்த பெண் ஜார்க்கண்டுக்காரி என்று தெரிந்தது. பக்கத்துக் கட்டில். அக்கா அவளிடம் என்ன சொன்னாரோ தெரியாது, ஒரு வாரம் யோசித்த பிறகு, வருகிறேன் என்று ஒத்துக்கொண்டாள்.

ஏரிக்கரைப் பூங்காவில் சந்தித்தோம். அப்பா, நான், அக்கா. அந்தப் பெண் ஒல்லியாக, துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு, வாசல் பக்கம் பார்த்தபடியே வந்தாள். அப்பாவைப் பார்த்ததும் குனிந்து காலைத் தொட்டாள். அப்பா தடுமாறிப் போனார். என் தங்கையும் அவளும் ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாமலேயே பேசிக்கொள்வார்களாம். அவளுக்கு "சாப்டியா", "தூங்கு", "போடி" மட்டும் தமிழில் தெரியும். தங்கை சொல்லிக் கொடுத்தது.

அப்பா இன்ஸ்பெக்டரின் கேள்வியைக் கேட்கவில்லை. "எம் புள்ளைக்கு என்னா ஆச்சுன்னு கேளும்மா" என்று மட்டும் அக்காவிடம் சொன்னார்.

அவள் சொல்லச் சொல்ல அக்கா தமிழில் சொன்னார். தங்கைக்கு முதலில் லேசான வலி. லைனில் நின்றுகொண்டே வயிற்றைப் பிடித்துக்கொள்வாள். சூப்பர்வைசரிடம் சொன்னதற்கு, கேஸ் பிடித்திருக்கும் என்று ஒரு மாத்திரை கொடுத்தார். அந்த வாரம் டார்கெட் வாரம், யாருக்கும் லீவு இல்லை. மறுநாள் வாந்தி. வார்டனிடம் போனார்கள். ஆஸ்பத்திரி போக வேண்டுமானால் கம்பெனியிலிருந்து சீட்டு வாங்கி வா என்றார் வார்டன். கம்பெனியில் கேட்டால், அது ஹாஸ்டல் விஷயம் என்றார்கள். அதற்கடுத்த நாள் காய்ச்சல். அப்போதும் வேலைக்குப் போனாள். யாரும் அவளை அடிக்கவில்லை, திட்டக்கூட இல்லை. எல்லோரும் நாளைக்குப் பார்க்கலாம் என்றார்கள்.

அதற்குப் பிறகு அந்தப் பெண் நீளமாக ஏதோ சொன்னாள். சொல்லும்போதே அழ ஆரம்பித்தாள். எனக்கு ஹிந்தி தெரியாது. லைனில் வடநாட்டுப் பெண்களோடு நின்று நாலு வார்த்தை காதில் விழுந்ததுதான். "பாபா" என்றால் அப்பா என்பது புரிந்தது. "அஜ்வைன்" என்று ஒரு வார்த்தை திரும்பத் திரும்ப வந்தது. ஓமத்துக்கு அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "ராத்திரி ரொம்ப முடியலன்னு படுத்துக்கிச்சாம். காலைல இப்பிடி ஆயிடுச்சாம்" என்றார்.

அப்பா அக்காவைப் பார்த்தார்.

"அந்தப் புள்ள வாய் எத்தன நேரம் அசைஞ்சுது. நீ ரெண்டு வார்த்தையில முடிச்சிட்ட. டிவில டப்பிங் பேசறாப்புல பேசாதம்மா. முழுசா சொல்லு."

"அவ்ளோதான்ப்பா. வேற ஒண்ணும் இல்ல."

"சொல்லு தாயி. எனக்குத் தெரியும். அந்தப் புள்ள சொல்றது சரியான்னு பாக்கணும். சொல்லு."

அக்கா என்னைப் பார்த்தார். நான் தலையை அசைத்தேனா என்று இப்போது நினைவில்லை. அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அன்றைக்குச் சாயங்காலம் தங்கை ஹாஸ்டல் போனிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறாள். பேசிவிட்டு வந்து மெஸ்ஸில் ஓமம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாள். இல்லை என்றிருக்கிறார்கள். அறை அறையாகப் போய்க் கேட்டிருக்கிறாள். ஜார்க்கண்டுப் பெண்ணுக்கு அவள் என்ன கேட்கிறாள் என்றே முதலில் புரியவில்லை. இரண்டு பேருமாக மறுபடி வார்டனிடம் போய் அழலாம், கத்தலாம் என்று இவள் சொல்லியிருக்கிறாள். தங்கைதான் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை அப்பா வருகிறார் என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாளாம்.

அப்பா பூங்கா பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார். யாரும் கேட்காமலே சொன்னார். "மாங்கா லோடு ஏத்திக்கிட்டிருந்தோம். லாரிக்காரன் கத்திக்கிட்டிருந்தான். வயித்த வலிக்குதுப்பா, வந்து கூட்டிக்கிட்டுப் போப்பான்னுச்சு. ஓமத்தண்ணி வெச்சுக் குடி, ஞாயித்துக்கெழம வர்றேன்னேன். இப்பத்தான் சேந்த, லீவு போட்டா பேரு கெட்டுப் போவும், கொஞ்சம் பொறுத்துக்கன்னேன். சரிப்பான்னுச்சு." பிறகு, "அதுக்கப்புறம் வேற யாருகூடயாவது பேசியிருக்கும்னு நெனச்சேன்" என்றார்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை நாளும் அவர் கேட்டில் நின்றது, டீக்கடையில் உட்கார்ந்திருந்தது எல்லாம் தனக்குப் பிறகு அவளோடு பேசிய யாரையாவது கண்டுபிடிக்கத்தான்.

அந்தப் பெண் தன் பையிலிருந்து ஒரு ஹேர்கிளிப்பை எடுத்து என் கையில் வைத்தாள். தங்கையுடையது. வேன் கிளம்பிவிடும் என்று ஓடினாள்.

அந்த வாரம் நான் அப்பாவுக்குச் சோறு போட்டேன், துணி துவைத்தேன், பேசவில்லை. என்னால் முடியவில்லை. அவர் எனக்கு ஒரு போன் செய்திருந்தால் நான் போய்க் கூட்டி வந்திருப்பேனே என்று நெஞ்சுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. தங்கைக்கு வலி வந்த வாரம் எனக்கு செகண்ட் ஷிப்ட். சாயங்கால நேரத்தில் என் போன் கம்பெனி லாக்கரில் இருக்கும் என்பது தங்கைக்குத் தெரியும். அதனால்தான் அவள் அப்பாவைக் கூப்பிட்டிருக்க வேண்டும். அவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஓமத்தண்ணியில் சரியாகிவிடும் என்று நினைத்துவிட்டார். எங்கள் வீட்டில் வயிற்று வலிக்கு எப்போதும் ஓமத்தண்ணிதான். எனக்கும் அதைத்தான் கொடுத்து வளர்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கடைசி பாகம் பாக்கி இருந்தது. அக்கா வரமாட்டார் என்று நினைத்தேன். அப்பாவே போய் அவர் கதவைத் தட்டி, "வாம்மா, முடிவு என்னான்னு பாத்துடலாம்" என்று கூப்பிட்டார். எல்லோரும் பழைய இடங்களிலேயே உட்கார்ந்தோம். மீன் கம்பெனியில் வேன் ஓட்டுகிறவன்தான் கொன்றிருந்தான். அந்தப் பெண்ணின் அப்பா மறைத்தது வேறு ஒரு சின்ன விஷயம். இன்ஸ்பெக்டர் அவன் வீட்டுக்குப் போய், கொன்றவனைப் பிடித்துவிட்டோம் என்று சொல்கிறார். அவன் சமையலறை மேசையைப் பிடித்துக்கொண்டு அழுகிறான்.

"வேன்காரனா? அவன நாலு தரம்தான் காட்டினாங்க. இது ஏமாத்து வேல" என்றார் அக்கா.

"இந்த சாட்சிய வெச்சு கோர்ட்ல ஒண்ணும் நிக்காது. ஆறே மாசத்துல வெளிய வந்துடுவான்" என்றார் ஏட்டய்யா.

நல்ல முடிவு என்று கணவர் சொன்னார். பிறகு எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். அவர் டிவியைப் பார்த்தபடியே இருந்தார்.

"அந்தாளு குடுத்து வெச்சவன். ஒரு ஆள காட்டிட்டாங்க" என்றார்.

ஏட்டய்யா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார். அடுத்த சீசன் பார்க்கிறீர்களா என்று டிவியே கேட்டது. கணவர் அணைத்தார்.

ஏட்டய்யா விடவில்லை. போலீசில் இதற்குப் பிரிவு இல்லாவிட்டாலும் தொழிலாளர் துறையில் மனு கொடுக்கலாம், கூட இருந்த பெண் வந்து சொன்னால் போதும் என்றார். அவரே மனுவை எழுதினார். அப்பாவிடம் கையெழுத்து வாங்கினார். ஆனால் அடுத்த ஞாயிறு வேனில் அந்தப் பெண் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. அக்கா மற்றப் பெண்களிடம் கேட்டார். பூங்காவில் யாரோ பார்த்துக் கம்பெனியில் சொல்லியிருக்கிறார்கள். வேலைக்கு ஆள் அதிகம் என்று சொல்லி அவளை ஊருக்கு அனுப்பிவிட்டார்களாம். எந்த ஊர், எந்த ஸ்டேஷனில் இறங்குவாள், யாருக்கும் தெரியவில்லை. பழைய நம்பர் வேலை செய்யவில்லை. அக்கா வெகுநாள் வரை அதைச் சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டார். "நான்தான் கூப்பிட்டேன். அது பாட்டுக்கு ஒரு சுடிதார் வாங்கிட்டுப் போயிருக்கும்" என்பார். மனுவுக்குப் பதில் வந்தது. சம்பந்தப்பட்ட நிறுவனத்திடம் விளக்கம் கேட்கப்பட்டிருக்கிறது என்று இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

அப்பா ஊருக்குக் கிளம்பினார். மழை விழுந்திருக்கிறது, கேழ்வரகு விதைக்க வேண்டும் என்றார். நான் தடுக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டுக் கீழே நின்றேன். பேசாமல் இருந்த அந்த ஒரு வாரத்தைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வண்டி நகர்கிறபோது, "ராத்திரியில கம்பெனி வண்டியிலயே வா. ஆட்டோ கீட்டோல வராத" என்றார்.

இப்போது தினமும் சாயங்காலம் போன் செய்கிறார். நான் செகண்ட் ஷிப்டில் இருந்தால் காலையில் செய்கிறார். ஷிப்ட் அட்டவணையைக் கணவரிடம் கேட்டு வைத்துக்கொண்டிருக்கிறார். சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பார். நன்றாக இருக்கிறேன் என்றால் போதாது. தலைவலி இல்லையே, வயிறு சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். எனக்குச் சில நாள் எரிச்சலாகக்கூட இருக்கும்.

போன மாதம் ஒருநாள் காலைப் போனில், தூக்கக் கலக்கத்தில், லேசாகக் காய்ச்சல் மாதிரி இருக்கிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "சரி" என்று வைத்துவிட்டார். மத்தியானம் கதவு தட்டுகிற சத்தம் கேட்டுத் திறந்தால் அப்பா நிற்கிறார். வேட்டியில் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. நடவு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, ஊத்தங்கரையில் ஒரு பஸ், கிருஷ்ணகிரியில் ஒரு பஸ் மாறி வந்திருக்கிறார். காலில் இருந்த செருப்பு இரண்டும் வேறு வேறு ஜோடி.

"கெளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"சாதாரண காய்ச்சல்ப்பா. மாத்திர போட்டுட்டேன். சாயங்காலம் பாத்துக்கலாம்."

"இப்பவே போலாம்" என்றார்.

அரசு ஆஸ்பத்திரியில் கூட்டம். அப்பா சீட்டு வாங்கி வந்து, வரிசையில் எனக்குப் பதிலாக அவரே நின்றார். டாக்டர் என்னைப் பார்த்துவிட்டு, வைரல் காய்ச்சல், ரெண்டு நாளில் சரியாகிவிடும் என்றார். அப்பா நகரவில்லை. "வயித்தையும் ஒருதரம் அமுக்கிப் பாத்துடுங்க சார்" என்றார். டாக்டர் சலித்துக்கொண்டே என்னைப் படுக்கச் சொன்னார். வலது பக்கம் கீழே விரல்களால் அழுத்தி, வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்பா திரைச்சீலைக்கு வெளியே நின்றுகொண்டு, "நல்லா அமுக்கிப் பாருங்க சார்" என்று மறுபடியும் சொன்னார்.